ஒரே வைரஸ், வேறு வேறு உடல்கள்

1977, 78ஆம் ஆண்டுகளில் அயர்லாந்தில் பிள்ளை பெற்ற நெகட்டிவ் ரத்தப் பிரிவுத் தாய்மார்களுக்கு வழக்கம்போல் ‘ஆன்டி-டி’ ஊசி போட்டார்கள். அடுத்த பிரசவத்தில் சிக்கல் வராமலிருக்கப் போடுவது. பிளாஸ்மாவிலிருந்து தயாரான அந்த மருந்தில் சில தொகுதிகளில் ஹெபடைடிஸ் சி வைரஸ் கலந்திருந்தது. அப்போது அந்த வைரஸுக்குப் பெயர்கூடக் கிடையாது, கண்டுபிடித்ததே 1989இல்தான். விஷயம் 1994இல் அம்பலமானது. பரிசோதிக்கப்பட்ட 62,667 பெண்களில் 704 பேரிடம் தொற்றின் தடயம் தெரிந்தது. அவர்களில் 390 பேரின் ரத்தத்தில் அத்தனை ஆண்டுகள் கழித்தும் வைரஸ் இருந்தது. மீதிப் பேரின் உடலோ மருந்தே இல்லாமல் அதை விரட்டியிருந்தது.

மன்னிக்க முடியாத அலட்சியம்தான். ஆனால், எந்த ஆய்வாளரும் திட்டமிட்டுச் செய்யக் கூடாத ஒரு பரிசோதனை அங்கே தானாக நடந்து முடிந்திருந்தது. எல்லோருக்கும் மூலம் ஒரே வைரஸ் என்பதால், பிறகு தென்பட்ட வேறுபாடுகள் எல்லாம் அந்தந்த உடலுக்குள் உண்டானவை.

ஹெபடைடிஸ் சி மெய்ப்புப் பார்க்காமல் அச்சுக்குப் போகும் பத்திரிகை மாதிரி. தன் ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு அதனிடம் இல்லை. பெரும்பாலான பிழைப்படிகள் வீணாகிவிடும். சில மட்டும் நோய் எதிர்ப்புச் செல்களின் கண்ணில் படாமல் தப்பிப் பெருகும்.

எந்தப் பிழை உதவும் என்பது ஆளைப் பொறுத்தது. பாதிக்கப்பட்ட செல், உள்ளே இருக்கும் வைரஸ் புரதத்தின் துணுக்குகளை எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறில் ஏந்தி வெளியே காட்டும். அதைப் பார்த்து டி செல்கள் எனும் நோய் எதிர்ப்புச் செல்கள் தாக்கும். எச்.எல்.ஏ. ஆளுக்கு ஆள் மாறும். அயர்லாந்துப் பெண்களின் வைரஸ்களை ஸ்டூவர்ட் ரே குழுவினர் ஒப்பிட்டு 2005இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பிட்ட எச்.எல்.ஏ. உள்ளவர்களிடம் அது காட்டும் துணுக்கு மாறியிருந்தது. அந்த வகை இல்லாதவர்களிடமோ, அதே இடம் வைரஸின் பொதுவான வடிவத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒளிய அவசியமில்லாதபோது வேடம் வைரஸுக்கே பாரம்.

இந்தப் பாரம்தான் சிலரைக் காப்பாற்றியது. எச்.எல்.ஏ. பி27 உள்ள பெண்கள் மற்றவர்களைவிட அதிகமாக வைரஸை ஒழித்திருந்தார்கள். அந்த மூலக்கூறு பிடித்துக் காட்டும் துணுக்கு, வைரஸ் படியெடுக்கும் நொதியின் ஒரு பகுதி. ஒரு மாற்றம் செய்து தப்ப முடியாது. பல மாற்றங்கள் சேர வேண்டும், அதற்குள் பெருகும் திறன் அடிபடும்.

2013இல் வெளியான இன்னொரு ஆய்வு இதைவிட விசித்திரமானது. நாள்பட்ட தொற்றுள்ள இரண்டு பெண்கள் கர்ப்பமானபோது டி செல்களின் நெருக்குதல் தளர்ந்தது; வைரஸ் வேடத்தைக் கழற்றி வீரியமான வடிவத்துக்கு மாறியது. குழந்தைக்குத் தொற்றியதும் அந்த வடிவம்தான். பிரசவத்துக்குப் பின் தாயின் உடலில் வேடம் மறுபடி ஏறிக்கொண்டது.

இத்தனை தெரிந்தும் தடுப்பூசி வரவில்லை. டி செல்களைத் தூண்டும் ஒன்றை அமெரிக்காவில் போதை ஊசி போடுபவர்களிடம் சோதித்தார்கள். முடிவு 2021இல் வெளியானது. தடுப்பூசி போட்டவர்களிடம் வைரஸின் உச்ச அளவு குறைந்தது. ஆனால் தொற்று நாள்பட்டதாகத் தங்கியவர்கள் அந்தக் குழுவில் 14 பேர், போலி ஊசி போட்ட குழுவிலும் 14 பேர்.