கடைமடையின் தலைநகர்

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொன்ன ஆளைத் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். ஊர்க்காரர்களுக்கு அது சலித்துப்போன பகடி. வெளியூரில் தன் ஊர்ப் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் அடுத்து என்ன சொல்வார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆனால், ஊர் ஊராக வழி கேட்டு வருமளவுக்கு அங்கே ஆட்களுக்கு வேலை இருந்திருக்கிறது என்பதற்கும் அந்தச் சொலவடைதான் சாட்சி.

அந்த வேலை இன்றும் தீரவில்லை. ஒரு திங்கள்கிழமை காலையில் வட்டாட்சியர் அலுவலகத்துப் பக்கம் போய் நின்றால் போதும். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று கையில் மஞ்சள் பையோடு கூட்டம். மனு எழுதுகிறவர் நிமிராமலே கேட்கிறார்: “எந்த ஊருண்ணே?” “மல்லிப்பட்டினம்.” தாளை இரண்டு வரி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். “இது இங்க ஆவாதுண்ணே, தஞ்சாவூரு போவணும்.” கடற்கரையிலிருந்து விடியற்காலையில் கிளம்பியவருக்கு அன்றைய நாள் அத்தோடு போயிற்று. பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு.

2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை 73,135. ஊருக்குள் வந்துபோகிறவர்களை எண்ணினால் கணக்கே வேறு. பேராவூரணி, அதிராம்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று ஒரு பெரிய வட்டாரத்துக்கு வழக்கு, நகை, விதை, வைத்தியம் எல்லாம் இங்கேதான். தேங்காய்க்கு அடுத்து இந்த ஊர் அதிகம் ஏற்றுமதி செய்வது தன் பெயரை. 1938 இந்தி எதிர்ப்புப் பெரும்படையில் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த அழகிரிசாமிக்கும், 29 வயதுக்குள் பாட்டெழுதி முடித்துவிட்டு 1959-இல் போய்விட்ட கல்யாணசுந்தரத்துக்கும் ஊர்தான் முதல் பெயர். பக்கத்து ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவர் மாளிகை வரை போனார். மனு கொடுக்க மட்டும் தஞ்சாவூர் போக வேண்டும்.

ஆகவே தனி மாவட்டக் கோரிக்கை. பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. அதிலிருந்து 1997-இல் திருவாரூரும் 2020-இல் மயிலாடுதுறையும் பிரிந்தன. கும்பகோணமும் வரிசையில் நிற்கிறது. நமக்கு ஏன் இல்லை என்று பட்டுக்கோட்டை கேட்பதில் நியாயம் உண்டு. கேட்பது எதை என்பதில்தான் எனக்குத் தயக்கம்.

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது, இன்னும் மூர்க்கமாக. அங்கே நம் மாவட்டம் மாதிரி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள். பெரும்பாலானவற்றுக்குத் தலைமையிடமாக ஒரு சிற்றூர். ஊர் நடுவே சதுக்கம், சதுக்கத்தில் நீதிமன்றம். குதிரை வண்டியில் கிளம்பும் குடியானவர் வேலையை முடித்து அன்றே வீடு திரும்ப வேண்டும் என்பது பல மாநிலங்களில் எல்லை வகுத்தவர்களின் கணக்கு. 1889 ஜனவரியில் கன்சாஸ் மாநிலத்தின் கிரே கவுண்டியில் சிமரோன், இங்கால்ஸ் என்ற இரண்டு ஊர்கள் தலைமையிடத்துக்காக மோதின. இங்கால்ஸ்காரர்கள் ஆவணப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போக வண்டி கட்டி வந்தார்கள், துப்பாக்கி வெடித்தது. புத்தகங்களுக்கு அத்தனை மதிப்பு ஏனென்றால் கவுண்டியிடம் பணப்பெட்டி இருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் சொத்துவரி விதித்தார்கள், அதை எங்கே செலவழிப்பது என்றும் அவர்களே முடிவு செய்தார்கள். நம் மாவட்டத் தலைநகரில் இருப்பது ஆட்சியர். அவர் சென்னைக் கோட்டையின் ஆள். பணப்பெட்டியும் கோட்டையில்தான்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதற்குப் பட்டுக்கோட்டை ரயில் நிலையமே ஆதாரம். தஞ்சாவூர் மாவட்ட போர்டு நிலத்தின் மீது செஸ் வரி போட்டு, அந்தப் பணத்தில் சொந்தமாக ரயில் பாதை போட்டது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894-இல் ஓடிய ரயில், பட்டுக்கோட்டையைத் தொட்டு 1903-இல் அறந்தாங்கிக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைய போர்டு ஒன்றும் முழு மக்களாட்சி அல்ல, மிராசுதார்களின் சபை. இருந்தும் எங்கே பாதை வேண்டும் என்பதை மாவட்டத்துக்குள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். 1950-களின் இறுதியில் மாவட்ட போர்டுகள் கலைக்கப்பட்டன.

அதே பாதையின் பிற்காலக் கதை வேறு மாதிரி. அகலப்பாதைப் பணிக்காக 2012-இல் ரயிலை நிறுத்தினார்கள். காரைக்குடிப் பக்கம் 2018-இலும் திருவாரூர்ப் பக்கம் 2019-இலும்தான் பாதை தயாரானது. அதற்குப் பிறகும் சில காலம் ஓர் இடைஞ்சல்: கேட் கீப்பர்கள் இல்லை. ரயில் ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் நிற்கும். உள்ளேயிருந்து ஒருவர் இறங்கிப் போய் கேட்டைச் சாத்துவார். ரயில் கடந்து மறுபடி நிற்கும். கேட்டைத் திறந்துவிட்டு இன்னொருவர் ஏறிக்கொள்வார். காரைக்குடி முதல் திருவாரூர் வரை ஏறக்குறைய 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சொந்தக் காசில் ரயில் விட்ட மண்ணில், பத்து ஆள் போடச் சொல்லிக் கேட்கும் இடம்கூட மாவட்டத்துக்குள் இல்லை.

தண்ணீரும் இப்படித்தான். காவிரிப் படுகை என்று சொன்னதும் எல்லோர் கண்ணிலும் வருகிற பழைய டெல்டா அல்ல இது. மேட்டூர் அணையோடு 1934-இல் வந்த கல்லணைக் கால்வாய்தான், ஊர் வழக்கில் புதாறு, இந்த மேட்டுக்குத் தண்ணீர் காட்டியது. ராஜாமடம் வாய்க்கால், கல்யாண ஓடை என்று பிரிந்து பிரிந்து வருவதற்குள் முறை வைத்தும் கடைமடைக்கு எட்டுவது கொஞ்சம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை. நெல்லை நம்பி ஏமாந்தவர்கள் போர் போட்டுத் தென்னைக்கு மாறியது ஆசையால் அல்ல.

அந்தத் தென்னையைத்தான் 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் சாய்த்தது. மரங்கள் ஒரே திசையில், வேரோடு மண்ணைப் பிடித்தபடி படுத்துக் கிடந்தன. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. எத்தனை மரம் என்று யார் எண்ணுவது? ஊராட்சித் தலைவரா? 2016 அக்டோபரோடு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்திருந்தது. ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரை தேர்தல் நடக்கவில்லை. புயல் அடித்த அன்று தென்னந்தோப்புக் கிராமம் எதிலும் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் பதவியில் இல்லை. எண்ணிக்கை விடுபட்டது என்று சொல்லிச் சாலையில் உட்கார்ந்த விவசாயி யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல்தான் சாலையில் உட்கார்ந்தார்.

ஆட்சியர் அலுவலகம் வந்தால் மல்லிப்பட்டினத்துக்காரருக்கு ஒரு பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மிஞ்சும். அது சின்ன விஷயமல்ல, வரட்டும். ஆனால் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தில் மாவட்ட ஊராட்சி என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தலைவர் இருந்தபோதும் அவர் பெயரைப் பத்தில் ஒருவர் சொல்லியிருந்தால் அதிகம். வரி போடவும் வாய்க்கால் தூர்வாரவும் அதற்கு அதிகாரம் கேட்டு எந்த ஊரிலும் கடையடைப்பு நடந்து நான் பார்த்ததில்லை. பெயர்ப் பலகைக்குக் கூடுகிற கூட்டம் பணப்பெட்டிக்குக் கூடுவதில்லை.

கஜாவுக்குப் பிறகு வைத்த கன்றுகள் காய்க்கத் தொடங்கிவிட்டன. குலைகள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கின்றன, ஏற ஆள் தேட வேண்டியதில்லை. ஓலையின் அடியில் வெள்ளை ஈ. தோப்பில் பாரையை நட்டு மட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். உரித்த காய் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தது. தோப்புக்காரர் காங்கேயத்துக்குப் போன் போட்டு, லாரி என்றைக்கு வரும் என்று கேட்டார். அந்தப் பக்கம் விலையைச் சொன்னார்கள்.