திறமை என்னும் புதிய தலைவிதி

‘ஷார்க் டேங்க் இந்தியா’ என்னும் தொலைக்காட்சிப் போட்டியைப் பற்றி நம் வாலிபர்கள் பேசுகிற பேச்சைக் கேட்டால், நாட்டில் ஏதோ ஒரு புதிய யுகமே பிறந்துவிட்டது போலவும், இனி ஒருவன் ஏழையாக இருந்தால் அது அவனுடைய சோம்பேறித்தனத்தின் பலனே தவிர வேறு காரணம் ஒன்றுமில்லை என்பது போலவும் தோன்றுகிறது. நமது புதுவயலில் அரிசி ஆலைகளில் மூட்டை தூக்கிவிட்டு வருகிற பிள்ளைகள்கூட, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியில் அதன் துண்டுகளைப் பார்த்துவிட்டு, “நமக்கும் ஒரு ஐடியா மட்டும் வந்துவிட்டால்!” என்று பெருமூச்சு விடுகிறார்கள். பெருமூச்சு விடுவதோடு நின்றால் பாதகமில்லை. “ஐடியா வராதது நம் தலையெழுத்து” என்றும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே இதைப்பற்றி நாலு வார்த்தை சொல்லவேண்டியது நமது கடமை என்று கருதுகிறோம்.

போட்டி என்னவென்றால், பெரும் பணக்காரர் ஐந்து பேர் வரிசையாய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். தொழில் தொடங்கியவன் ஒருவன் உள்ளே வந்து, நின்றபடியே தன் சரக்கையும் கணக்கையும் சொல்லி, “இவ்வளவு பணம் கொடுங்கள், என் தொழிலில் இவ்வளவு பங்கு தருகிறேன்” என்று கேட்பான். அவர்கள் கேள்வி கேட்பார்கள், சிரிப்பார்கள், ஏசுவார்கள், கடைசியில் கொடுத்தாலும் கொடுப்பார்கள், விரட்டினாலும் விரட்டுவார்கள். சோனி தொலைக்காட்சியில் இதன் முதல் பருவம் 2021 டிசம்பர் 20-ஆம் தேதி தொடங்கி 2022 பிப்ரவரி 4-இல் முடிந்தது. பின்னும் பல பருவங்கள் வந்துவிட்டன. 2025-இல் தமிழிலேயே விஜய் தொலைக்காட்சியில் ‘ஸ்டார்ட்அப் சிங்கம்’ என்று ஒன்று வந்தது.

இந்தச் சரக்கு நம் நாட்டில் விளைந்ததல்ல. 2001-இல் ஜப்பானில் பணப் புலி என்று அர்த்தம்படும் பெயரில் பிறந்து, 2005-இல் இங்கிலாந்துக்குப் போய் நெருப்புக் கக்கும் டிராகனாகி, 2009-இல் அமெரிக்காவில் சுறாவாகி, அந்தச் சுறாவே இங்கு வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு வந்ததும் சிங்கமாயிற்று. புலி, டிராகன், சுறா, சிங்கம்! பிறரைத் தின்று வாழும் பிராணிகளாகவே பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த நாட்டிலாவது ‘உழவு மாடு’ என்று பெயர் வைத்தார்களா? வைத்தவர்களுக்கே உண்மை தெரிந்திருக்கிறது. பார்க்கிற நமக்குத்தான் தெரியவில்லை.

நிற்க. முதல் பருவத்தின் கணக்கைப் பார்ப்போம். சுமார் 62,000 பேர் விண்ணப்பம் போட்டார்கள். நாற்காலிக்காரர்களின் முன்னால் நிற்க விடப்பட்ட தொழில்கள் 198. பணம் தருவதாக வாக்குப் பெற்றவை 67. அதாவது விண்ணப்பித்த 925 பேருக்கு ஒருவர். அந்த வாக்கும் திரையில் கைகுலுக்கியதோடு பணமாகிவிடுவதில்லை. பிறகு கணக்கு வழக்குகளைப் பரிசோதித்துப் பத்திரம் எழுதவேண்டும். அந்த இடத்தில் நின்றுபோனவையும் உண்டு.

குன்றக்குடிக்குக் காவடி எடுப்பதாக ஆயிரம் பேர் வேண்டிக்கொள்ளுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்குக் காரியம் பலிக்கிறது. அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு மொட்டையடித்து ஆடிக்கொண்டு போகிறான். பலிக்காத 999 பேரும் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். பார்க்கிறவன், “ஆகா, சாமிக்குச் சக்தி இருக்கிறது” என்கிறான். இப்படித்தான் சாமிகள் எல்லாம் பிழைத்து வருகின்றன. இந்தப் போட்டியும் அதே தந்திரத்தால்தான் பிழைக்கிறது. 67 பேரின் ஆனந்தக் கண்ணீரைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். உள்ளே விடப்படாத அறுபத்தோராயிரத்துச் சொச்சம் பேரின் முகத்தை யார் கண்டார்கள்? அவர்களெல்லாம் திறமையற்றவர்கள் என்று யார் பரீட்சை வைத்து ருசுப்படுத்தினார்கள்? தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிச் சீட்டைத் தடை செய்தார்கள். லாட்டரியிலாவது, தோற்றவனைப் பார்த்து “உனக்குத் திறமையில்லை” என்று யாரும் சொன்னதில்லை!

கொடுத்த பணமாவது எவ்வளவு? முதல் பருவம் முழுவதிலும் வாக்களிக்கப்பட்டது 40 கோடி ரூபாயைச் சற்றுத் தாண்டியதுதான். அதே 2021-ஆம் வருஷத்தில் இந்தியாவில் புதுத் தொழில்களில் முதலீட்டாளர்கள் கொட்டிய பணம் இரண்டு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அதில் இந்தப் போட்டியின் பணம் ஐயாயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பெரும் பணமெல்லாம் காமிராவுக்கு முன்னால் நடமாடுவதில்லை. அது பெரிய கல்லூரியில் கூடப் படித்தவன், முன்பு கூட வேலை பார்த்தவன், உறவுக்காரன் என்கிற வழியில் மூடிய கதவுக்குள் போய்ச் சேருகிறது. பந்தியெல்லாம் உள்ளே நடந்து முடிய, வாசலில் நாலு பேருக்குப் பிடிசோறு போடுவதை மட்டும் விளக்குப் போட்டு ஊருக்குக் காட்டினால் அதற்கு அன்னதானம் என்றா பெயர்?

அந்தப் பருவத்தில் ஜனங்களை எல்லாம் அழவைத்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவத்தைப் பாருங்கள். மராட்டிய மாநிலம் மாலேகாவ் பக்கத்து உழவர் வீட்டு வாலிபர் ஒருவர், முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து வயலில் பூச்சிமருந்து அடிக்கிறவர்கள் படும் பாட்டைப் பார்த்து, தள்ளிக்கொண்டே போய் மருந்தடிக்கும் வண்டி ஒன்றைத் தம் கையாலேயே செய்து கொண்டுவந்தார். தம் தொழிலில் 10 சதவிகிதம் பங்கு தருவதாகவும், 30 லட்சம் வேண்டும் என்றும் கேட்டார். மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, லென்ஸ்கார்ட் என்னும் மூக்குக்கண்ணாடிக் கம்பெனியின் பியூஷ் பன்சால் ஒருவர் மட்டும் கைகொடுத்தார். 20 லட்சத்தை வட்டியில்லாக் கடனாகக் கொடுப்பதாகச் சொன்னார். அது நல்ல காரியமே. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் மீதி 10 லட்சத்துக்கு அவர் கேட்டுப் பெற்ற பங்கு நூற்றுக்கு 40!

தோழர்களே! நாற்பது என்கிற எண் நெல் விளைகிற ஊர்க்காரர்களுக்குப் புதிதல்லவே? நிலத்தைக் கொடுத்துவிட்டு வரப்பில் நின்ற மிராசுதாரனுக்கு நஞ்சை விளைவில் 40 சதவிகிதத்துக்குமேல் வாரம் போகக்கூடாது என்று இந்த ராஜ்யத்தில் 1956-இல் சட்டம் செய்தார்கள். பிறகு அதுவும் அதிகம் என்று கண்டு 25 ஆகக் குறைத்தார்கள். குத்தகை வாரமாவது அந்தந்த வருஷத்து விளைவில்தான். இதுவோ தொழில் என்கிற நிலத்திலேயே நாற்பது பங்கு. சிந்தித்தவன் மூளையிலும், செய்தவன் கையிலும், இனி வரப்போகிற லாபத்திலும் பங்கு. மிராசுதாரன் வாங்கினால் அதன் பெயர் வாரம். நாற்காலிக்காரர் வாங்கினால் அதன் பெயர் கருணை! கேட்டவர் மனமுவந்து சம்மதித்தாரே என்பார்கள். வேறு கதவு திறந்திருந்தால் சம்மதித்திருப்பாரா என்பதுதான் நமது கேள்வி.

இனி, நாற்காலியில் இருந்தவர்களின் யோக்கியதையைப் பார்ப்போம். முதல் பருவத்தில் மாறி மாறி உட்கார்ந்த ஏழு பேரில் மூவர் பெண்கள். பெண்கள் பணப்பெட்டியின் சாவியோடு உட்கார்ந்தது நமக்குச் சந்தோஷமே. ஆனால் ஏழு பேரும் திறமை ஒன்றைமட்டும் கைமுதலாகக் கொண்டு மேலே வந்தவர்கள் என்று பிரசாரம் செய்கிறார்களே, அது உண்மையா? நமிதா தாப்பர் அம்மையார் நிர்வாகியாக இருக்கும் எம்க்யூர் என்னும் மருந்துக் கம்பெனியை 1981-இல் தொடங்கியவர் அவருடைய தகப்பனார். அதில் குற்றமொன்றுமில்லை. தகப்பன் தேடியது மகளுக்கும் வரட்டும் என்று சொத்துரிமை கேட்டவர்கள் நாமே. ஆனால் தகப்பன் கொடுத்த ஏணியில் நின்றுகொண்டு, கீழே இருப்பவனைப் பார்த்து, “நீ ஏன் எட்டிப் பிடிக்கவில்லை?” என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

மற்றொருவர் அனுபம் மித்தல். கல்யாணத்துக்கு வரன் தேடிக்கொடுக்கும் ‘ஷாதி டாட் காம்’ அவருடையது. நமக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். 2020-இல் உலகமெங்கும் நிறவெறிக்கு எதிரான கிளர்ச்சி எழுந்தபோது, தோல் நிறத்தைக் கொண்டு வரன் பொறுக்கும் வசதியை அங்கே எடுத்துவிட்டார்கள். சாதியைக் கொண்டு வரன் பொறுக்கும் வழியை அன்று எடுக்கவில்லை. வெள்ளைக்காரன் கேட்டால் வெட்கப்படத் தெரிகிறது. சாதியைப் பற்றியோ கேட்பாரும் இல்லை, வெட்கமும் இல்லை. சாதியை விற்றுப் பணம் பண்ணுகிற வியாபாரம் ஒரு நாற்காலிக்குப் போதுமான தகுதியாக இருக்கிற சபையில், “இங்கே திறமை ஒன்றுதான் பார்க்கப்படும்” என்றால் எப்படி நம்புவது?

அசுனீர் குரோவர் என்பவர், வந்தவர்களை ‘இரட்டை வேஷம்’ என்று பொருள்படும் இந்திச் சொல்லால் ஏசியே நாடு முழுதும் பெயர் வாங்கினார். பருவம் முடிந்து ஒரு மாதம் ஆவதற்குள், 2022 மார்ச் 1-ஆம் தேதி, தமது சொந்தக் கம்பெனியான பாரத்பேயைவிட்டு விலகினார். கம்பெனிப் பணம் தவறாகச் செலவழிந்தது என்று கம்பெனி சொன்னது. இல்லை என்று அவர் மறுத்தார். வழக்காகி, 2024-இல் சமாதானமாயிற்று. யார் பக்கம் நியாயம் என்பதல்ல நமது பேச்சு. நேற்றுவரை பிறர் கணக்கில் குற்றம் கண்டவரை இன்று அவர் கம்பெனியே கணக்கைக் காட்டிக் குற்றஞ்சாட்டுமானால், அந்த நாற்காலிக்கு ஏது தெய்வீகம்? உட்கார்ந்திருப்பவர்களும் நம்மைப்போல் மனிதர்களே. அவர்களைத் தெய்வமாக்கி, அவர்கள் வாய்ச்சொல்லை வரமாகவும் சாபமாகவும் ஆக்குவது பார்க்கிறவர்களின் பைத்தியக்காரத்தனமே.

முதல் எப்படிக் கைமாறுகிறது என்பதற்கு நம் செட்டிநாட்டைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் சிறு வயதிலேயே ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கடைப்பையனாய்ப் போனார்கள், கணக்குக் கற்றார்கள், சிக்கனமாய் இருந்தார்கள், உழைத்தார்கள். இதெல்லாம் மெய். ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஒரு சமூகம் முழுவதின் பணமும் நின்றது. தங்களுக்குள் நடப்பு வட்டிக்குக் கைமாற்றிக்கொண்டார்கள். அதே கூர்மையுள்ள பிள்ளை பக்கத்துச் சேரியில் பிறந்திருந்தால் எந்தக் கடையில் அவனுக்கு நடப்பு வட்டிக்கு முதல் கிடைத்திருக்கும்? அன்றியும், கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார்கள் கைநிலம், விலைவாசி விழுந்து பர்மிய உழவன் கடன் கட்ட முடியாமற்போனதால் 1938-இல் நூற்றுக்கு 25 பங்காயிற்று. இந்த எட்டு வருஷத்தில் செட்டியாருக்குத் திறமை நாலு மடங்கு பெருகிற்றா? அல்லது பர்மிய உழவனுக்குத் திறமை நாலில் ஒன்றாகச் சுருங்கிற்றா? இரண்டுமில்லை. முதல் இருந்தவனிடம் நிலம் போயிற்று, அவ்வளவுதான்.

“அப்படியானால் முயற்சியே வேண்டாம் என்கிறீர்களா?” என்று சில தோழர்கள் கேட்கலாம். நாம் அப்படிச் சொல்லவில்லை. விதியை மறுத்து முயற்சியைப் பிரசாரம் செய்வதே நமது வேலை. நாம் எதிர்ப்பது, முயற்சி என்னும் பெயரால் விதியைத் திரும்பக் கொண்டுவரும் புரட்டை. முன்பு, “பூர்வ ஜன்மத்தில் பாவம் செய்தாய், அதனால் ஏழையாய்ப் பிறந்தாய்” என்றார்கள். இப்போது, “உனக்கு ஐடியா இல்லை, அதனால் ஏழையாய் இருக்கிறாய்” என்கிறார்கள். இரண்டிலும், கொடுக்க வேண்டியவன் தப்பித்துக்கொள்கிறான். இல்லாதவன் தன் தலையிலேயே அடித்துக்கொள்கிறான்.

மற்றொரு பக்கம் பாருங்கள். மத்திய அரசாங்கம் 2023-இல் விசுவகர்மாத் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. 18 கைத்தொழில்களுக்கு, முதலில் 1 லட்சமும் பிறகு 2 லட்சமுமாக 5 சதவிகித வட்டிக்குக் கடன். ஆனால் குடும்பத் தொழிலாகச் செய்துவருகிறவனாக இருக்கவேண்டும் என்று நிபந்தனை. பணக்காரன் பிள்ளைக்கு எந்தத் தொழில் வேண்டுமானாலும் கோடியில் முதல். நாவிதன் பிள்ளைக்குக் கத்தி பிடிக்க லட்சத்தில் கடன்! இதைத் தமிழ்நாட்டு அரசு 2024-இல் ஏற்க மறுத்து, 2025-இல் குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லாமல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கிற்று. அது சரியான வழி.

வாலிபர்களே! தொழில் செய்ய ஆசை இருந்தால் சுறாவைத் தேடிப் பம்பாய்க்குப் போகவேண்டாம். தாழ்த்தப்பட்டவர்களுக்காக 1974-இல் ஏற்பட்ட தாட்கோ இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்காக 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலில் நூற்றுக்கு 35 பங்கு மானியம். வட்டியிலும் 6 சதவிகிதம் மானியம். அங்கே ஒருவரும் உங்கள் தொழிலில் நாற்பது பங்கு கேட்கமாட்டார்கள். கடனைக் கட்டிவிட்டால் தொழில் முழுதும் உங்களுடையது. ஆனால் அங்கே கண்ணீர் இல்லை, பாட்டு இல்லை, காமிரா இல்லை. ஆகையால்தான் அதைப்பற்றி டீக்கடையில் பேச்சும் இல்லை!

அந்தக் காரியாலயங்களில் தாமதம் இல்லையா, “நாளைக்கு வா” என்கிற பேச்சு இல்லையா, ஈடு கேட்கிற வங்கி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் சுறாவிடம் போய், “ஏன் கொடுக்கவில்லை?” என்று கேட்க உங்களுக்கு உரிமையில்லை, அது அவர் பணம். சர்க்காரிடமும் வங்கியிடமும் கேட்க உரிமை உண்டு. அது உங்கள் பணம். தனியாகப் போனால் விரட்டுவான். பத்துப் பேராகப் போங்கள். விண்ணப்பத்துக்கு ரசீது கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது, அதைக்கொண்டு கேளுங்கள்.

வரம் கேட்க நிற்கிறவனுக்கு ஆயிரம் வருஷமானாலும் கும்பிட்ட கை இறங்காது. பங்கு கேட்க நிற்கிறவன் நிமிர்ந்து நிற்பான். நம் பிள்ளைகள் எப்படி நிற்கப்போகிறார்கள் என்பதை அவர்களே யோசித்துப் பார்க்கட்டும்.