கொழுப்பணு சுரக்கும் நன்மருந்து

லேக் மார்க்கெட் வட்டாரத்தில் நம்மவர் பலரைக் காண்கிறோம்: கைகால்கள் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் முன்னே வரும். 'நமக்கேது பருமன்?' என்று இன்னொரு சந்தேஷை எடுத்துக்கொள்வர்.

கொழுப்பணுக்கள் அடிப்போனெக்டின் என்றொரு ஹார்மோனைச் சுரக்கின்றன என்பது 1995-இல் அறியப்பட்டது. கல்லீரல் இரத்தத்தில் சர்க்கரையை மிகுதியாக விடாமல் அது தடுக்கிறது. தசைகள் இன்சுலினுக்கு இணங்கிச் சர்க்கரையை ஏற்கத் துணைபுரிகிறது. விந்தை யாதெனில், வயிற்றுள் கொழுப்பு மிகுந்தால் இச்சுரப்புக் குறைந்துவிடுகிறது. அவ்வாறு குறைந்தோர்க்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி எனச் சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர் 2003-இல் எழுதினர்.

இதனை அளக்கும் சோதனை நமக்கு வேண்டுவதில்லை. தையற்காரர் நாடாவே போதும். இடுப்பளவு ஆடவர்க்கு 90, பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால், மெலிந்தவராயினும் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்க.