குடியே கூலியா?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பாண்டிச்சேரி. கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் 'பப்' இருக்கு. மங்கலான விளக்கு, மேசைக்கே வரும் சாப்பாடு, மூலையில் கிட்டாரோடு பாடும் ஒருவர். 'ஸ்டேக்' என்ற பேரில் மாட்டுக்கறியும் கிடைக்கும் கடைகள் உண்டு. அதே கறி எங்க தெருவுல வெந்தா மூக்கைப் பொத்துறவங்க, அங்கே கத்தியும் முள்கரண்டியுமா உட்கார்ந்திருக்காங்க. சாப்பிடட்டும்.

குடி, பாட்டு, சாக்கனா மூணும் சேர்ந்த இடம் நமக்குப் புதுசில்ல. கள்ளுக்கடைன்னு பேரு. பனங்கள்ளு, சுட்ட கருவாடு, குடல் வறுவல், போதை ஏறினவன் எடுத்துவிடுற பாட்டு. அதற்காக அதைப் பொற்காலம் என்று எழுத என்னால் முடியாது. பல ஊர்களில் அங்கேயும் நமக்குத் தனி மூலைதான். 1987இல் கள்ளுக்குத் தடை. 2003இல் டாஸ்மாக் மூலம் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது. கம்பிக்குள்ள கையை விட்டு பாட்டிலை வாங்கு, ஊத்திக்க, ஓடு. அந்தக் காசும் இல்லாதவன் விஷச் சாராயத்துக்குப் போனான். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். கருணாபுரத்துச் சாராயத்தில் மட்டும் 60 பேருக்கு மேல் செத்தார்கள்.

பாட்டு விஷயத்துக்கு வருவோம். 'லைவ் மியூசிக்' என்கிறார்களே, தலைமுறை தலைமுறையாக நம்ம ஆளுங்க அடிச்சது வேறென்ன? சாவு வீட்டில் ராவெல்லாம் பறையடிச்சவனுக்குச் சாராயமும் கொஞ்சம் சில்லறையும். பிறகு சாராயம் போய் குவார்ட்டர் வந்தது. பந்தியில் மட்டும் இடமில்லை. பப்பில் பாடுறவருக்கு முதலில் தொகை பேசுகிறார்கள். அதுக்குமேல குடிக்கிறது அவர் இஷ்டம். நமக்குக் குடியையே கூலி ஆக்கினார்கள். பாட்டில் வீடு வந்து சேராது. பொம்பளைங்க கைக்கு வர வேண்டிய ரூபாய்தான் அது. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்து அடி வாங்கிய ஊர்கள் உண்டு. மறுத்தது சரி.

இன்னைக்குப் பறை கல்லூரி மேடைக்கும் மாநாட்டுக்கும் வந்தாச்சு. கூப்பிடுறது நாமதான், அமைப்புத் தோழர்களும் மாணவர்களும். ஆட்டம் முடிஞ்சதும் என்ன சொல்றோம்? "அண்ணே, ராத்திரிக்குச் சரக்கு ஏற்பாடு பண்ணிட்டோம்." எத்தனை மேடையில இதைக் கேட்டிருக்கேன்! ஊர்த்தெரு மிராசு சொன்னதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? தோழர்களே, அடுத்த கூட்டத்துக்குக் குழுவைக் கூப்பிடும்போது தொகையை முதல்லயே பேசுங்க. ரொக்கமா, மேடை ஏறுறதுக்கு முன்னாடி கொடுங்க. பேச்சாளருக்குப் போடுற வரிசையிலேயே அவங்களுக்கும் இலை போடுங்க.