ஒரே பீடம், இரு கூட்டம்

தாம்பரம் முதல் பரங்கிமலை வரை பங்குகள் பலவற்றில் ஞாயிறன்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனித் திருப்பலிகள் நடைபெறுகின்றன. வேற்று மாநிலத்தவர்க்கு இது தேவையே. ஆனால், ஒரே தமிழ்க் குடும்பத்தில் பாட்டி தமிழுக்கும் பேரன் ஆங்கிலத்துக்கும் பிரிந்து செல்வது எவ்வகை வழிபாட்டு வளம்?

இறைமக்கள் அனைவரும் முழுமையாய்ப் பங்கேற்கவே 1963-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் தாய்மொழிக்கு வழி திறந்தது. மொழியைத் தொடர்ந்து பண்பாடும் பீடமேறியது: 1969-இல் இந்தியத் திருச்சபைக்கு உரோமை இசைந்த 12 தழுவல்களுள் எண்ணெய் விளக்கும் ஆரத்தியும் அடங்கும். அவற்றின் பொருளை இன்று இளையோர்க்கு உரைப்பவர் எத்தனை பேர்?

இளையோர்க்குத் தமிழ் வராது என்பது சாக்கு. வாசகம் படிக்க அவர்களைப் பழக்காதது யார் குற்றம்? மூத்தோரும் கிதார் ஒலிக்கு முகம் சுளிக்க வேண்டா. மாதம் ஒரு ஞாயிறேனும் மூன்று தலைமுறையும் ஒன்றாய்க் கூடட்டும். பேரன் வாசகம் படிக்க, பாட்டி மன்றாட்டு மொழியட்டும். அப்பம் ஒன்றாயிருக்க, குடும்பம் இரண்டாகலாமோ?