காற்றுக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று

புதுச்சேரியில் புதிதாகக் கட்டும் சில வாடகை வீடுகளில் விளக்கு வைத்த ஃபேனை மாட்டி, இரண்டையும் ஒரே சுவிட்சில் முடிந்துவிடுகிறார்கள். கத்திரி வெயிலில் காற்று வேண்டுமானால் விடிய விடிய விளக்கு எரியணும்; இருட்டு வேண்டுமானால் வியர்வையில் நனையணும். வயசானவர்கள் எப்படித் தூங்குவது?

கேட்டால், "குழாயில ரெண்டு வயர்தான் சார் இருக்கு" என்கிறார்கள். நியூட்ரல் இரண்டுக்கும் பொது. போர்டிலிருந்து மேலே இன்னொரு பேஸ் வயர் இழுத்தால் முடிந்தது. ஒரு சுவிட்ச், சில மீட்டர் 1.5 சதுர மி.மீ. வயர். அலங்காரக் கூரைக்குக் காசு இருக்கிறது, இதற்கு இல்லையாம்!

இரண்டு சுவிட்சும் பேஸில்தான் இருக்கணும். நியூட்ரலில் வைத்தால், அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும்.

அரசாங்கக் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன்: முன்பணம் கொடுக்குமுன் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள்.