நீங்கள் கேட்டவை: தண்ணீர் பாய்ச்சாத தக்காளியும், கல்யாணம் ஆன பருப்பும்

"கிரேக்க நாட்டில் ஒரு தீவில் தண்ணீரே பாய்ச்சாமல் தக்காளி, பருப்பு, திராட்சை விளைவித்து, சுற்றுலா வருபவர்களுக்குச் சமைத்துப் போட்டே சம்பாதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? எங்கள் பக்கமும் வெளியூர் ஆட்கள் வந்து விடுதி கட்ட நிலம் கேட்கிறார்கள். மானாவாரி நிலத்தை வைத்திருப்பதா, விற்பதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது."

– வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்.

உண்மைதான். அந்தத் தீவின் பெயர் சாந்தோரினி. கிரேக்க நாட்டின் ஏஜியன் கடலில் இருக்கிறது. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே எரிமலை வெடித்துத் தீவின் நடுப்பகுதியே கடலுக்குள் போய்விட்டது. மிச்சமிருந்த நிலத்தின் மேல் சாம்பலும் நுரைக்கல்லும் மீட்டர் கணக்கில் படிந்தன. இன்றைக்கு அங்கே விவசாயம் நடப்பது அந்தச் சாம்பல் மண்ணில்தான். ஆறு கிடையாது. ஆண்டுக்கு 300 முதல் 400 மில்லிமீட்டர் மழை, அதுவும் குளிர்காலத்தில் மட்டும். தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்வதில் பாதிதான் இருக்கும். கோடையில் மாதக்கணக்கில் ஒரு சொட்டுக்கூட விழாது.

அப்புறம் எப்படி விளைகிறது? அந்த நுரைக்கல் பஞ்சு மாதிரி. இரவில் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றையும் மூடுபனியையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, பகலில் கொஞ்சம் கொஞ்சமாக வேருக்குக் கொடுக்கிறது. குளிர்கால மழையும் அடியில் தங்கி நிற்கும். இந்த ஈரத்தை நம்பித்தான் அங்கே வெள்ளாமை.

திராட்சையை அவர்கள் வளர்க்கும் விதத்தை நம் விவசாயிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பந்தல் கிடையாது. கம்பியும் கிடையாது. கொடியைத் தரையோடு தரையாக வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கூடை மாதிரி பின்னிவிடுகிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் கவாத்து செய்யும்போது புதுக்கிளையை அந்தக் கூடையோடு சேர்த்துப் பின்னுவார்கள். குலைகள் கூடைக்கு உள்பக்கமாகத் தொங்கும். வெளியே அடிக்கும் சூறைக்காற்றும் மணலும் பழத்தைத் தொடாது. வெயிலும் நேராகப் படாது. பனி ஈரமும் உள்ளே தங்கும். பல பத்தாண்டுகள் ஆனபிறகு கூடை பெருத்துக் காய்ப்பு குறைந்தால், மேல்பகுதியை வெட்டிவிடுகிறார்கள். அதே வேரிலிருந்து புதுக்கொடி கிளம்பும். களிமண் இல்லாததால், 19ம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கத் திராட்சையை அழித்த வேர்ப்பூச்சி இந்தத் தீவில் காலூன்ற முடியவில்லை. ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கும் பழங்கொடிகள் அங்கே அதனால்தான் இருக்கின்றன.

மகசூல் மட்டும் மிகக் குறைவு. ஏக்கருக்கு ஒரு டன் வந்தாலே நல்ல ஆண்டு. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயி கேட்டால் சிரித்துவிடுவார். அதனால் பழமாக விற்றுக் கட்டுப்படியாகாது. பழத்தை இரண்டு வாரம் வெயிலில் காயவைத்து, பிழிந்து, மரப்பீப்பாயில் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்து 'வின்சாந்தோ' என்ற இனிப்பு ஒயின் ஆக்குகிறார்கள். வருகிறவர்கள் சின்னக் கிண்ணத்தில் வாங்கி ருசிபார்ப்பது இதைத்தான். 'நிக்தேரி' என்று இன்னொன்று உண்டு. பகல் வெயிலுக்குப் பயந்து இரவோடு இரவாகப் பழம் பிழிந்ததால் வந்த பெயர் அது.

தக்காளி அந்தத் தீவுக்கு வந்தது 19ம் நூற்றாண்டில்தான். பழம் நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிது, 15 முதல் 27 கிராம் எடைதான் இருக்கும். தோல் தடிப்பு, தண்ணீர் குறைவு, இனிப்பும் புளிப்பும் தூக்கல். தண்ணீர் குறைவாக இருப்பதால் காய்ச்சும்போது சீக்கிரம் கெட்டியாகும். ஒரு காலத்தில் தக்காளி விழுது போடும் தொழிற்சாலைகள் தீவில் வரிசையாக ஓடின. 1956ல் பெரிய பூகம்பம் வந்தது. வீடிழந்த பல குடும்பங்கள் ஏதென்ஸ் நகரத்துக்குப் போய்விட்டன. பிறகு சுற்றுலா வந்தது. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. வ்லிஹாதா என்ற கடற்கரை ஊரில் அப்படி மூடிய ஒன்று இப்போது தக்காளி அருங்காட்சியகமாக இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள்.

இந்தத் தக்காளியில் ஒரு பலகாரம் செய்வார்கள். பொடியாக நறுக்கிய தக்காளியோடு வெங்காயம், புதினா, கோதுமை மாவு சேர்த்துப் பிசைந்து, கரண்டியால் எடுத்து எண்ணெயில் பொரிப்பது. நம் பக்கோடாவுக்குப் பக்கத்தில் வரும். அதற்கு உள்ளூரில் 'பொய்க் கோலா உருண்டை' என்று பொருள்படும் ஒரு பெயர் இருக்கிறது. கறி வாங்க வசதியில்லாத வீடுகளில் கறி உருண்டைக்குப் பதிலாகச் செய்தது அது. இன்றைக்குக் கடல் பார்த்த உணவகங்களில் முதல் தட்டாக அதுதான் வருகிறது. நாட்டுத் தக்காளி கிடைத்தால் வீட்டில் செய்து பார்க்கலாம். நறுக்கிய தக்காளியில் உப்புப் போட்டுத் தண்ணீரை வடித்துவிட்டுப் பிசைய வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் குடிக்கும்.

பருப்புக்கு வருவோம். 'ஃபாவா' என்பார்கள். மஞ்சள் நிற உடைத்த பருப்பு. அக்ரோதிரி என்ற இடத்தில், எரிமலைச் சாம்பலுக்கு அடியில் புதைந்த பழைய ஊரைத் தோண்டியபோது சேமித்து வைத்த இந்தப் பருப்பும் கிடைத்தது. இன்றும் அதே தீவில் விளைகிறது. பனி ஈரம் காயுமுன் விடியற்காலையில் செடியைப் பிடுங்குவார்கள். வெயில் ஏறினால் காய் வெடித்துச் சிதறிவிடும். இதை வெங்காயத்தோடு குழைய வேகவைத்து, மசித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவது வழக்கம். நம் பருப்புக் கடைசல்தான், வேறொன்றுமில்லை. மேலே வதக்கிய வெங்காயமும் தக்காளியும் கேப்பர் மொட்டும் சேர்ந்தால் அதற்குப் பெயர் 'கல்யாணம் ஆன ஃபாவா'. கேப்பர் என்பது பாறை இடுக்கில் தானாக முளைக்கும் ஒரு செடியின் பூமொட்டு. நாம் வற்றல் போடும் ஆதண்டங்காய்க்கு நெருங்கிய உறவு. மொட்டை மட்டுமல்ல, இலையையும் ஊறப்போட்டுத் தின்பார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஃபாவாவும் நம் நாட்டில் துவரம்பருப்பில் கலப்படம் செய்யப்படும் கேசரிப் பருப்பும் ஒரே பேரினம். ஆனால் வேறு வேறு செடிகள். கேசரிப் பருப்பைத் தொடர்ந்து அதிகமாகச் சாப்பிட்டால் கால் முடங்கும் என்பதால்தான் 1961ல் அதன் விற்பனைக்குத் தடை வந்தது. மஞ்சளாக இருக்கிறதே என்று அதை வாங்கிக் கடைந்துவிடக் கூடாது.

வெள்ளைக் கத்தரிக்காய், முற்றவிட்டால் முலாம்பழம்போல இனிக்கும் 'கத்சூனி' வெள்ளரி, ஆட்டுப்பாலில் செய்யும் பாலாடைக்கட்டி என்று இன்னும் சில உண்டு. கோடையில் போனால் எல்லாம் கிடைக்கும். மற்ற மாதங்களில் உணவகத் தட்டில் இருக்கும் தக்காளி பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது.

இனி, வாசகரின் கேள்வியில் இருக்கும் உண்மையான கவலை. தீவின் நிரந்தரக் குடிகள் சுமார் 15,000 பேர். ஆண்டுக்கு வந்துபோகிறவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இவ்வளவு பேர் வந்தும் பயிர்ப்பரப்பு கூடவில்லை, குறைந்துகொண்டே வருகிறது. ஒரு ஏக்கர் திராட்சை தருவதை விடுதியின் இரண்டு அறைகள் தந்துவிடுகின்றன. கவாத்து செய்யத் தெரிந்த கைகளுக்கு வயதாகிவிட்டது. சமீப ஆண்டுகளில் மழையும் பொய்த்து மகசூல் படுத்துவிட்டது. ஆகவே, சுற்றுலா வந்தால் விவசாயி தானாகப் பிழைத்துக்கொள்வார் என்று அந்தத் தீவைக் காட்டி யாரும் சொல்ல முடியாது.

அப்படியும் சிலர் நிலத்தை விடாமல் வைத்திருக்க இரண்டு காரணங்கள் உதவின. ஒன்று, கூட்டுறவு. 1947ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கங்களின் ஒன்றியம் திராட்சை, பருப்பு, தக்காளி மூன்றையும் வாங்கி, ஒயினாகவும் உடைத்த பருப்பாகவும் விழுதாகவும் மாற்றி, வருகிறவர்களுக்குத் தானே நேரடியாக விற்கிறது. இரண்டாவது, பெயர்க் காப்பு. ஒயினுக்கு 1971லும் தக்காளிக்கு 2013லும் சட்டக் காப்பு கிடைத்தது. பருப்புக்கும் உண்டு. வேறு ஊரில் விளைந்ததைச் 'சாந்தோரினி' என்று எழுதி விற்றால் குற்றம். சாதாரண பருப்பைவிடப் பலமடங்கு விலை அந்தப் பெயருக்குத்தான். மூன்றுமே மாதக்கணக்கில் கெடாத சரக்கு என்பதையும் கவனிக்க வேண்டும். பழத்தை அன்றன்றைக்கு விற்றே ஆகவேண்டிய நெருக்கடி அங்கே இல்லை.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதுவும் மானாவாரிச் சரக்கு, வற்றலாக நிற்கும் சரக்கு. வாசகர் அதைப் பயிரிடுகிறவராக இருந்தால், நிலத்தைப் பற்றி முடிவெடுக்குமுன் ஒன்று செய்யலாம். குறியீடு கிடைத்துவிட்டது என்பதாலேயே ஒவ்வொரு விவசாயியும் அதைப் பையில் அச்சடித்துவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான அலுவலகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. படிவத்தின் பெயர் ஜி.ஐ–3. கட்டணம் முன்பு 500 ரூபாய். 2020ல் அதை 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள்.